பாய்லர்காரர் வீட்டுப் பாய்லர்

எங்கள் கட்டடத்தில் மொத்தம் எட்டுக் குடித்தனம். தரைக்கு அடியில் சுடுதண்ணீரை ஓடவிட்டு வீட்டைச் சூடாக்குவது பாய்லர்தான். குளிர்காலத்தில் யார் வீட்டுப் பாய்லர் நின்றாலும் கம்பெனிக்குப் போன் போடும் வழக்கம் கிடையாது. மூன்றாம் மாடிக்கு ஏறி தாக் சுன்பே வீட்டுக் கதவைத் தட்டுவோம். வாயில் பல்துலக்கும் பிரஷ்ஷோடு வந்து நிற்பார். "என்ன நம்பர் காட்டுது?" என்று கேட்பார். அறைச் சுவரில் இருக்கும் சின்னத் திரையில் பாய்லர் தன் நோயை ஒரு எண்ணாகச் சொல்லும். எண்ணைச் சொன்னால் போதும், வாயைக் கொப்பளித்துவிட்டு வந்துவிடுவார்.

அந்த மனிதர் வீட்டில், அவர் கையாலேயே மாட்டிய பாய்லர் அவர் மனைவியைக் கொல்லப் பார்த்தது. ஒரு நாள் பிந்தியிருந்தால் பிறந்து பதினைந்து நாளான பேத்தியையும் சேர்த்து. இது நடந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. இப்போதும் அடுப்பங்கரையில் நின்றுகொண்டிருக்கும்போது திடீரென்று நினைவு வந்து, கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுகிறேன்.

சுன்பேவுக்கு ஐம்பத்தெட்டு வயது. இதே ஜெச்சொன் ஊரில் இருபத்தொன்பது வருஷமாகப் பாய்லர் வேலை. பழுது பார்க்க ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் பாய்லரிடம் போகமாட்டார். குனிந்து தரையில் உள்ளங்கையை வைப்பார். அங்கே இங்கே நகர்த்தி, எந்த இடம் சூடு, எந்த இடம் ஜில்லிப்பு என்று வைத்தியர் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதுபோலப் பார்ப்பார். அப்புறம்தான் பின்பக்க வராந்தாவில் இருக்கும் பாய்லர் அறை. அங்கேயும் பெட்டியைத் திறப்பதற்கு முன்னால், புகையை வெளியே கொண்டுபோகும் குழாயை ஸ்க்ரூடிரைவர் பிடியால் மூட்டு மூட்டாகத் தட்டுவார். பாய்லர் அறையில் அட்டைப்பெட்டியோ துணிக்கொடியோ இருந்துவிட்டால் அன்று அந்த வீட்டுக்காரிக்குப் பூசை உண்டு. முள்ளங்கிக் கீரையை அங்கே காயப்போட்டிருந்த ஒரு அம்மாவிடம், கீரை முழுவதையும் அவிழ்த்து அவர் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாராம்: "அக்கா, இது பாய்லரோட மூக்கு. இதுல கீரையைத் தொங்கவிட்டா அது எப்படி மூச்சு விடும்? எடுத்துட்டுக் கூப்பிடுங்க, வர்றேன்." எடுக்கும்வரை பாய்லரைத் தொடவில்லை.

இந்தக் கறார் எங்கிருந்து வந்தது என்று அவர் மனைவி சூனிம் அக்கா ஒருநாள் எனக்குச் சொன்னாள். இருபத்திரண்டு வயதில், தொழில் கற்றுக்கொண்டிருந்த காலத்தில், வாடகை அறையில் இன்னொருவனோடு தங்கியிருந்தாராம். யோங்மான் என்று பெயர். அப்போதெல்லாம் தரைக்கு அடியில் கரிக்கட்டிதான் எரியும். ஒரு காலையில் கண் விழித்தபோது சுன்பே முற்றத்துப் பனியில் கிடந்தார். வீட்டுக்காரம்மா, முள்ளங்கியை உப்புத் தண்ணீரில் புளிக்கவைத்த கிம்ச்சியின் சாற்றை வாயில் ஊற்றிக்கொண்டிருந்தாள். கரிப்புகை ஏறியவர்களுக்கு அப்போது எல்லோரும் செய்யும் வைத்தியம் அதுதான். கதவுப் பக்கம் படுத்திருந்தவர் இவர். சுவர்ப் பக்கம் படுத்திருந்த யோங்மான் எழுந்திருக்கவே இல்லை. இன்றுவரை சுன்பே அந்தக் கிம்ச்சியைத் தொடமாட்டார். யார் வீட்டு விருந்தில் வைத்தாலும் கிண்ணத்தைச் சத்தமில்லாமல் பக்கத்து ஆளிடம் தள்ளிவிடுவார்.

இப்படிப்பட்டவர் தன் வீட்டில் என்ன செய்தார் என்பதுதான் கதை.

டிசம்பர் முதல் வாரத்தில் நானும் சூனிம் அக்காவும் சேர்ந்து, வருஷத்துச் சமையலுக்கான புளித்த விழுதுக்காகச் சோயா வேகவைத்தோம். எல்லா வருஷமும் செய்வதுதான். வெந்ததை இடித்து, செங்கல் மாதிரிக் கட்டி பிடித்து, வைக்கோல் கயிற்றில் கட்டி, மேல்தோல் காயும்வரை தொங்கவிட வேண்டும். வழக்கமாக முன்பக்க வராந்தாவில் தொங்கும். இந்த வருஷம் முன்பக்கம் உறைபனி. கட்டி வெடித்துவிடும். கூடத்திலும் வைக்க முடியாது. அக்காவின் மகள் நாரே பிரசவமாகி, பிரசவப் பராமரிப்பு இல்லத்திலிருந்து குழந்தையோடு வரப்போகிறாள். பச்சைக்குழந்தை இருக்கும் வீட்டில் அந்த நாற்றம் ஆகாது.

"பாய்லர் ரூம்ல தொங்கவிடுங்க. கதகதன்னு இருக்கும்" என்றாள் சூனிம் அக்கா.

"பாய்லர் ரூம்ல எதுவும் தொங்கக் கூடாது" என்றார் சுன்பே.

"அப்ப உங்க கழுத்துல தொங்கவிடவா? நாலே நாலு கட்டி. ஊர்ல எல்லார்கிட்டயும் காட்டற முறைப்பை எங்கிட்டயும் காட்டாதீங்க."

அவர் என்னைப் பார்த்தார். பஞ்சாயத்து வைப்பேன் என்று எதிர்பார்த்தார் போல. நானோ, "ஒரு ராத்திரிதானே, நாரே அப்பா" என்றேன். இதில் என் முதல் பங்கு இது.

"ஒரு ராத்திரி. காலையில எடுத்துருவேன்" என்று ஸ்டூலில் ஏறினார். மேலே கொடி கட்ட ஆணி இல்லை. வெள்ளி நிற உறை சுற்றிய புகைக்குழாய் அறையின் குறுக்கே போய்ச் சுவருக்குள் நுழைகிறது. அதன்மேலேயே கயிற்றைப் போட்டார். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"தாங்குமா?" என்றேன்.

"நான் மாட்டின குழாய். கட்டி என்ன, நீயே தொங்கு. தாங்கும்."

அந்தப் பின்வராந்தாவில் தரையோரமாக ஒரு காற்றுத் துளை உண்டு. பாய்லருக்குக் காற்று வர வைத்தது. அதன் வழியே வந்த குளிர் கட்டிகள் மேல் நேராக அடித்தது. அவர் இறங்கிப் போன பிறகு, கீழ்மாடியில் என் வீட்டுக்குப் போய் ஒரு பழைய துண்டு எடுத்துவந்து நான்தான் அதில் திணித்தேன். முன்னால் கிம்ச்சி டப்பாக்களை அடுக்கிவிட்டோம். இது என் இரண்டாவது பங்கு. சூனிம் அக்கா, "எவ்வளவு மூளை இவளுக்கு!" என்று பாராட்டினாள்.

ஒரு ராத்திரி ஐந்து ராத்திரி ஆயிற்று. மறுநாளே கடுங்குளிர் இறங்கிவிட்டது. ஊரெல்லாம் தண்ணீர்க் குழாய் உறைந்து, சுன்பே காலை ஆறு மணிக்கு வேனை எடுத்தால் இரவு பத்துக்குத்தான் வருவார். கட்டிகளைக் கடைசியில் நாங்கள் இருவருமே இறக்கி, என் வீட்டு மூலையில் வைக்கோல் பெட்டிக்குள் நொதிக்க வைத்தோம். துண்டு அங்கேயே கிடந்தது. எங்களுக்கு மறந்தே போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை பாய்லர் முதல்முறை நின்றது.

நாரே வெள்ளிக்கிழமை வருகிறாள். பிரசவித்த உடம்பில் குளிர்காற்று புகுந்தால் எலும்புக்குள் போய் உட்கார்ந்து எழுபது வயதில் வலிக்கும் என்று நாங்கள் எல்லோரும் கேட்டு வளர்ந்தவர்கள். அவளுக்காகப் பின்வராந்தாவை ஒட்டிய சின்ன அறையை ஒதுக்கியிருந்தார்கள். வீட்டிலேயே அந்தத் தரைதான் முதலில் சூடாகும். சூனிம் அக்கா கைக்குட்டை அளவு மெத்தையைத் தைத்து அங்கே விரித்துவிட்டாள். குளிர் புகாமல் ஜன்னலிலெல்லாம் குமிழ்த்தாள் ஒட்டிவிட்டாள். வெள்ளிக்குள் பாய்லர் ஒழுங்காக வேண்டும். அந்த வீட்டில் அந்த வாரம் வேறு பேச்சே இல்லை.

"என்ன நம்பர்?" என்று போனில் கேட்டார்.

"மூணு."

"மூணுன்னா நெருப்பு புடிக்கல. ரீசெட் பட்டனை அழுத்து."

அழுத்தினாள். ஓடியது. இரண்டு மணி நேரத்தில் மறுபடி மூன்று. அழுத்தினாள். அன்று மட்டும் ஆறு தடவை அழுத்தியதாகச் சொன்னாள்.

ராத்திரி சுன்பே வந்து பாய்லர் அறைக் கதவை விரியத் திறந்து வைத்துக்கொண்டு, டார்ச் அடித்து, முழங்கால் போட்டு உட்கார்ந்தார். தண்ணீர் அழுத்தம் சரி. கேஸ் வால்வு சரி. கழிவுநீர்க் குழாய் உறையவில்லை. நெருப்பை உணரும் கம்பியைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்து மாட்டினார். முக்கால் மணி நேரம் முன்னால் உட்கார்ந்து பார்த்தார். ஒரு தடவைகூட நிற்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து சாப்பாட்டில் ஸ்பூன் வைத்தார். மூன்று.

திங்கட்கிழமை அந்தக் கம்பியையே மாற்றினார். செவ்வாய்க்கிழமை விசிறி. புதன்கிழமை கடையிலிருந்து புதுப் போர்டு எடுத்துவந்து மாட்டினார். ஒவ்வொரு தடவையும் அவர் எதிரில் பாய்லர் பரம சாதுவாக ஓடியது. கையைக் கழுவிவிட்டு வந்தால் நின்றது. முதல் மாடி தையற்காரி படியில் அவரைப் பார்த்து, "என்னங்க, பாய்லர்காரர் வீட்டுத் தரை ஐஸாமே? வேற ஆளைக் கூப்பிட்டுப் பாருங்களேன்" என்று சிரித்தாள். அன்று ராத்திரி மனைவியிடம் பாய்ந்தார்.

"நீதான் எதையோ பண்ற. கேஸ் மிச்சம் புடிக்கறேன்னு நடுவுல அணைக்கற."

"ஆமாமா. பேத்தி வர்றா, அவளை விறைக்க வெச்சுக் கேஸ் மிச்சம் பண்ணி மாளிகை கட்டப்போறேன்."

இதை நான் என் வீட்டிலிருந்தே கேட்டேன். எங்கள் கட்டடத்தின் சுவர் அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் மாற்றினார். புகைக்குழாயை மட்டும் ஸ்க்ரூடிரைவரால் தட்டவில்லை. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் தட்டுகிற கை அது. ஏன் தட்டவில்லை என்று பிறகு நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்: "அது நான் மாட்டினது."

வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு நான் மேலே போனேன். மகளுக்காகச் சூனிம் அக்கா பெரிய பானையில் கடற்பாசி சூப் வைத்திருந்தாள். கிளறிக்கொண்டே கண்ணை மூடி மூடித் திறந்தாள். முகம் வெளுத்திருந்தது. கன்னத்தில் மட்டும் சிவப்பு. "உனக்குக் கலர் கூடியிருக்குக்கா, பாட்டியாகப் போற சந்தோஷமா" என்றுகூடச் சொன்னேன். நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அப்போது சுவர்த் திரை டிக்கென்றது. மூன்று. அவள் போனை மேஜைமேல் வைத்து, எனக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள்.

"மூணு" என்றாள், வேறொன்றும் சொல்லாமல்.

"நேத்துதானே புது போர்டு மாட்டினேன்?" பின்னால் ஏதோ வீட்டில் உறைந்த குழாயை உருக்கும் இயந்திரம் இரைந்தது.

"அந்த போர்டைக் கேளுங்க. எங்கிட்ட ஏன் கேக்கறீங்க?"

"ரீசெட்..."

"ரீசெட் பண்ணிப் பண்ணி விரல் தேஞ்சுபோச்சு. உங்க முன்னாடி மட்டும் அது நல்ல புள்ள. கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு எதிர்ல உக்காந்திருப்பீங்க, வாத்தியாரைப் பார்த்த பையன் மாதிரி சமத்தா ஓடும். சாத்திட்டு வந்து ஸ்பூனை எடுப்பீங்க, டக்."

இரைச்சல் நின்றது. இயந்திரத்தை அணைத்துவிட்டார் போல.

"கதவு திறந்திருந்தா ஓடுதா?"

"ஓடுது."

"சாத்தினா நிக்குது?"

"அதைத்தானே நாலு நாளாக் கத்தறேன். காது எங்க வெச்சிருக்கீங்க?"

"உனக்குத் தலைவலின்னியே. எப்பலேருந்து?"

"தலைவலியா? ஞாயித்துக்கிழமைலேருந்து. சந்தைக்குப் போனா விட்டுடுது. வீட்டுக்குள்ள வந்தா புடிச்சுக்குது. உங்க மூஞ்சியப் பாத்து வர்ற வலின்னு நெனைக்கறேன்."

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள்.

"சூனிம்."

அவர்களுக்குக் கல்யாணமாகி முப்பத்தோரு வருஷம். அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. 'நாரே அம்மா' என்பார், 'இங்க பாரு' என்பார். அவளும் திகைத்துப் போனாள்.

"அடுப்பை மூடு. வெளிய போ."

"சூப் இப்பதான் கொதி..."

"போ! வீட்டை விட்டு வெளிய போ! போடீ!"

அந்த மனிதர் இப்படித் தொண்டை கிழியக் கத்தி நான் கேட்டதே இல்லை. போன் மேஜைமேல் அதிர்ந்து நகர்ந்தது. நான் அடுப்பை மூடினேன். சூனிம் அக்கா ஓரடி எடுத்து வைத்தாள், ஆனால் முழங்கால் அவளைத் தாங்கவில்லை. மடிந்து தரையிலேயே உட்கார்ந்தாள். "என்னடி இது, கால் என்னுது மாதிரியே இல்லையே" என்றாள், ஏதோ வேடிக்கை போல. அக்குளில் கைகொடுத்துத் தூக்கினேன். எனக்கும் கூடம் சற்றுச் சாய்வாகத் தெரிந்தது. வீட்டுச் செருப்போடு மூன்று மாடி இறங்கினோம். வாசல் பனியில் நின்றதும் அவள் குனிந்து வாந்தியெடுத்தாள். மைனஸ் பதினேழு. இருவர் மேலும் மேல்சட்டை இல்லை. தையற்காரி ஓடிவந்து போர்வையைப் போர்த்தினாள். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. எனக்கு மட்டும் மெதுவாகப் புரிய ஆரம்பித்தது. அப்போதும் துண்டு நினைவுக்கு வரவில்லை.

பத்து நிமிஷத்துக்குள் வேன் வந்தது. நடுத்தெருவிலேயே நிறுத்தி, கதவைக்கூடச் சாத்தாமல் ஓடிவந்தார். அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக் கண்ணைப் பார்த்தார். நகத்தைப் பார்த்தார். "ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டேன். படுக்காத. தூங்காத" என்றார். வாயு அளக்கும் கருவியை எடுத்துக்கொண்டு மேலே போனார். வராதே என்று சொல்லியும் நான் பின்னால் போனேன்.

வீட்டுக் கதவைத் திறந்து, செருப்பு விடும் இடத்தில்தான் கால் வைத்தார். கருவி அலறியது. இன்னும் கூடத்துக்குள்கூடப் போகவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு ஓடி ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்தார். குமிழ்த்தாள் கிழிகிற சத்தம் கேட்டது. பாய்லரை அணைத்தார். வெளியே வந்து மூச்சு வாங்கினார். மறுபடி உள்ளே போனார். பனிக்காற்று வீட்டைக் குறுக்காக வீசித் தீர்த்த பிறகு என்னையும் உள்ளே விட்டார்.

புகைக்குழாயின் வெள்ளி உறையைப் பிய்த்துப் போட்டிருந்தார். சுவருக்குள் நுழையும் இடத்து மூட்டு இரண்டு விரல் அகலத்துக்குக் கழன்று தொங்கியது. மேலே சுற்றிய உறை மட்டும் ஒழுங்காக இருந்ததால் வெளியே ஒன்றும் தெரியவில்லை. ஐந்து நாள் நான்கு கட்டி தொங்கியதில் குழாய் தழைந்து மூட்டு உருவிக்கொண்டுவிட்டது. வெளியே போக வேண்டிய புகையெல்லாம் வராந்தாவுக்குள் கொட்டியிருக்கிறது. பாய்லர் தன் புகையையே திரும்ப மூச்சாக இழுத்து, திணறித் திணறி நின்றிருக்கிறது. நின்றபோதெல்லாம் நாங்கள் பட்டனை அழுத்தி எழுப்பி, மறுபடி புகை கக்க வைத்திருக்கிறோம். அது நின்றதால்தான் அக்கா உயிரோடு இருந்தாள். நாலு நாளாக அவர் பாடுபட்டதோ, அது நிற்காமல் ஓடுவதற்கு.

பிறகு குனிந்து கிம்ச்சி டப்பாக்களைத் தள்ளினார். கையை விட்டுத் துளையிலிருந்து துண்டை உருவினார். என் மகள் ஹாரிமின் முதல் பிறந்தநாளுக்கு வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்த துண்டு. ஓரத்தில் அவள் பெயரும் தேதியும் நீல நூலில் இருந்தன. அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நான்தான்" என்றேன்.

"தெரியுது" என்றார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஆஸ்பத்திரியில் எங்கள் இருவருக்கும் ஆக்ஸிஜன் வைத்தார்கள். என்னை இரண்டு மணி நேரத்தில் விட்டுவிட்டார்கள். சூனிம் அக்காவை மறுநாள் வரை வைத்திருந்தார்கள். முகமூடியைத் தூக்கித் தூக்கி, "சூப்பு வீணாப்போகும், யாராவது எடுத்து வெளிய வைங்க" என்றாள். எதிலிருந்து தப்பித்தோம் என்று அவளுக்கு இன்னும் உறைக்கவில்லை.

சுன்பே தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கால்சட்டை முழங்காலில் இன்னும் வராந்தாத் தூசி. நான் பக்கத்தில் உட்கார்ந்ததும், கேட்காமலே சொன்னார்.

"சின்ன ரூமுக்கும் போனேன். ஜன்னலைத் திறக்கறதுக்கு முன்னாடி. அந்த மெத்தையில, குழந்தை தலை வைக்கிற இடத்துல கருவியை வெச்சுப் பாத்தேன்."

"எவ்வளவு காட்டிச்சு?"

உள்ளங்கையை விரித்துப் பார்த்தார், எண் அதில் எழுதியிருப்பது போல. நான் மறுபடி கேட்கவில்லை. நாளைக்கு இதே நேரம் அந்த மெத்தையில் குழந்தை படுத்திருக்கும். கதகதவென்று, எல்லா ஜன்னலும் அடைத்து. 'எவ்வளவு சமத்தாத் தூங்குது பாரு' என்று நாங்கள் கதவருகே நின்று சொல்லியிருப்போம். இந்த நினைப்பு வந்ததும் நான் எழுந்து போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மகளிடம் என்ன சொல்வது என்று கட்டிலருகே பேச்சு வந்தது.

"தண்ணிக் குழாய் வெடிச்சிருச்சுன்னு சொல்லுங்க" என்றாள் சூனிம் அக்கா. "சம்பந்தி காதுக்குப் போனா என்ன நெனைப்பாங்க? பாய்லர்காரர் வீட்டுலயே இப்படின்னு. உங்க பொழப்பு என்னாகும்?"

"நெனைக்கட்டும்."

"ஏங்க, புள்ள பெத்த உடம்பு. பயந்துருவா. பால் கட்டிக்கும்."

அவர் போனை எடுத்தார். சுற்றி வளைக்கவில்லை.

"நாரே, நாளைக்கு வராதம்மா. புகைக்குழாய் கழண்டு வீடெல்லாம் விஷவாயு. அம்மா ஆஸ்பத்திரில இருக்கா. பேசறா, பயமில்ல... நான் மாட்டின குழாய். நான்தான் அதுல பாரத்தைத் தொங்கவிட்டேன். நாலு நாள் பாத்தும் கண்டுபுடிக்கல."

போனிலிருந்து அவள் குரல் எங்களுக்கும் கேட்டது.

"அப்பா" என்றாள் நாரே. "நீங்களா?"

"ஆமா."

"நீங்களா?" என்றாள் மறுபடி. பின்னால் குழந்தை அழுதது. "நான் அத்தை வீட்டுக்குப் போறேன். அம்மாகிட்ட குடுங்க."

வெள்ளிக்கிழமை அவள் மாமியார் வீட்டுக்குப் போனாள். அந்த இரண்டு நாளும் அக்கா என் வீட்டில் படுத்தாள். வாசனை பொறுக்காமல் சோயாக் கட்டிப் பெட்டியைத் தையற்காரி வீட்டுக்கு அனுப்பினோம். கட்டிகள்மேல் யாருக்கும் கோபமில்லை, பார்க்கத்தான் பிடிக்கவில்லை. சுன்பே மாடியை விட்டு இறங்கவில்லை. ஜன்னலெல்லாம் திறந்த ஐஸ்வீட்டில் மேல்சட்டையோடு உட்கார்ந்திருந்தார். வேலைக்குப் போன் வந்தால் எடுக்கவில்லை. ஊரே உறைந்து கிடக்கிறது, அவர் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. சாப்பாடு கொண்டுபோனால், "வெச்சுட்டுப் போ" என்பார்.

சனிக்கிழமை காலையில் ஒரு காரியம் செய்தார். பேருந்து நிலையம் பக்கம் கடை வைத்திருக்கும் யோமைக் கூப்பிட்டார். இருபது வருஷமாக சுன்பே அவனைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. "யோம் மாட்டின பாய்லர் யோம் மாதிரியே இருக்கும், சத்தம் ஜாஸ்தி, சூடு கம்மி" என்பார். அந்த யோம் புதுக்குழாயோடு வந்தான். நாற்பத்தைந்து வயது ஆள். முதலில் அவனுக்கு நம்பிக்கை வரவில்லை.

"அண்ணே, விளையாடறீங்களா? உங்க வீட்டுப் பாய்லரை நான் பாக்கறதா?"

"பாரு. எல்லாத்தையும் பாரு. என்னைக் கேக்காத."

யோம் கழன்ற குழாயை இறக்கினான். குழாய் மேல் வைக்கோல் கயிற்றின் தடம் நான்கு இடத்தில் பதிந்திருந்தது. அதை விரலால் தடவினான். யார் வீடு என்பது அந்த நொடி அவனுக்கு மறந்துவிட்டது. ஆயிரம் வீட்டில் சொன்னது தானாகவே வாயில் வந்துவிட்டது.

"பாய்லர் ரூம்ல எதையும் தொங்கவிடக் கூடாதுன்னு உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

சொல்லிவிட்டு அவனே குழாயைச் சுவரில் சாய்த்துவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தான்.

"சொன்னாங்க" என்றார் சுன்பே.

புதுக்குழாய் மாட்டினான். மேலே இரண்டு தாங்கு கொக்கி அடித்தான். காற்றுத் துளையில் கம்பி வலை வைத்தான். சமையலறையிலும் சின்ன அறையிலும் எச்சரிக்கை மணி பொருத்தினான். சுன்பே தன் கடையில் அந்த மணிகளை டஜன் கணக்கில் அடுக்கி வைத்திருக்கிறார். ஊருக்கெல்லாம் மாட்டியிருக்கிறார். எல்லாம் முடிந்ததும் கதவைச் சாத்திவிட்டு, மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்து மூன்று மணி நேரம் பாய்லரை ஓடவிட்டோம். கருவியில் பூஜ்யம். யோம் பரிசோதனைத் தாளை எழுதி நீட்டினான். வீட்டுக்காரர் என்று அச்சடித்த இடத்தில் சுன்பே கையெழுத்துப் போட்டார். அதற்கு மேலே, பரிசோதித்தவர் என்ற இடத்தில் யோமின் பெயர்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாரே போன் செய்தாள். அம்மா எப்படி இருக்கிறாள், தலைவலி விட்டதா, சாப்பிடுகிறாளா என்றெல்லாம் கேட்டுவிட்டு, அப்பாவிடம் கொடுக்கச் சொன்னாள். அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றே பேசினார்.

"பாய்லர் சரியாயிடுச்சா?"

"ஆயிடுச்சு. புதுக் குழாய். மணி வெச்சிருக்கு."

"யார் பாத்தாங்க?"

எனக்கும் கேட்டது. சூனிம் அக்கா கையிலிருந்த துணியை மடிப்பதை நிறுத்திவிட்டாள். அவர் மகள் சிறுமியாக இருந்தபோது பள்ளிக்கூடத்தில், 'எங்கப்பா தொட்டா எந்தப் பாய்லரும் நிக்காது' என்று பீற்றிக்கொண்டவள்.

"நான் இல்ல" என்றார். "யோம் பாத்தான். நான் தொடவே இல்ல."

"உண்மையா?"

"அம்மாவைக் கேளு."

"அப்ப நாளைக்கு வர்றோம்" என்றாள் நாரே.

அவர் போனை வைத்தார். சின்ன அறைக்குள் போய், குனிந்து, மெத்தை விரித்திருந்த தரையில் உள்ளங்கையை வைத்தார். சூடாகத்தான் இருந்திருக்கும். கையை எடுக்காமல் திரும்பி எங்களைப் பார்த்தார்.

"நீ வந்து பாரு" என்றார் மனைவியிடம். "எனக்குத் தெரியல."